ஐசியு டாக்டர்களைச் சோர்வடைய வைப்பது எது?

உயிருக்குப் போராடுபவர்களையே நாள்தோறும் பார்ப்பதால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் மனம் சலித்துப் போகிறார்கள் என்பது பொதுவான எண்ணம். பிரான்ஸில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது வேறு. 189 ஐசியுக்களின் 978 மருத்துவர்களில் 46.5 சதவீதம் பேரிடம் பணிச்சோர்வு கடுமையாக இருந்தது. ஆனால், நோயாளிகளின் நிலை எவ்வளவு மோசம் என்பதோடு அதற்குத் தொடர்பு தென்படவில்லை. மாதத்துக்கு எத்தனை இரவுப் பணி, ஒரு வாரம் முழுதாக விடுப்பெடுத்து எவ்வளவு காலமாகிறது, சக மருத்துவரோடோ நர்ஸோடோ மோதல் உண்டா ஆகியவையே சோர்வோடு சேர்ந்து வந்தன. தலைமை நர்ஸோடு நல்லுறவு இருந்த இடங்களில் சோர்வு குறைவு.

பணிச்சோர்வு என்பது என்ன?

நன்றாகத் தூங்கினால் அசதி போய்விடும், பணிச்சோர்வு போகாது. அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் மூன்றைப் பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, நோயாளியை ஆளாகப் பார்க்காமல் 'அஞ்சாம் நம்பர் பெட்' ஆகப் பார்ப்பது, தன் உழைப்பால் பயனில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. தீர்க்கப்படாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது.

டூட்டி முறையை மாற்றினால்?

மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐந்து ஐசியுக்களில் நடந்த சோதனையின் முடிவு 2011-இல் வெளியானது. ஒரு முறையில், ஒரே மருத்துவர் அரை மாதம் இடைவிடாமல் பொறுப்பில் இருந்தார். மற்றதில், வார இறுதியில் வேறொருவர் வந்து அவரை விடுவித்தார். விடுவிக்கப்பட்டபோது பணிச்சோர்வும் வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான இழுபறியும் குறைந்தன. டாக்டர் மாறினால் நோயாளிக்கு ஆபத்து என்ற அச்சமும் உறுதிப்படவில்லை: ஐசியுவில் தங்கிய நாட்களிலும் இறப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

யார் கையில் இருக்கிறது?

மருத்துவமனைகள் பெரும்பாலும் முதலில் நாடுவது யோகா வகுப்பையும் மன அழுத்தப் பயிலரங்கையும்தான். அவை ஓரளவு உதவலாம். ஆனால் அடுத்த இரவுக்கு ஆள் போடுவது பயிலரங்குக்கு வரும் மருத்துவர் அல்ல. டூட்டி பட்டியலில் கையெழுத்திடும் நிர்வாகம். இரவுப் பணிக்கு உச்சவரம்பு, நைட் முடிந்த மறுநாள் கட்டாய ஓய்வு, வென்டிலேட்டரை நிறுத்துவது போன்ற முடிவுகளை மருத்துவரும் நர்ஸும் சேர்ந்து பேச ஒரு நேரம் ஆகியவற்றுக்குக் கூடுதல் ஆட்களும் பணமும் வேண்டும். அந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு மருத்துவரிடம் மனஉறுதியை மட்டும் கேட்பது சிகிச்சையைத் தவறான இடத்தில் தொடங்குவதாகும்.