கால்பந்தைத் தொழிலாகக் கொள்ளலாமா?

மாலை மணி அடித்ததும் நம் திடலில் கால்பந்து ஆடும் மாணவியர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. வேலியோரம் காத்து நிற்கும் பெற்றோருள் சிலர், "ஆடட்டும், உடலுக்கு நல்லதுதான், ஆனால் இதனால் சோறு கிடைக்குமா?" என்று வினவுவதுண்டு. நியாயமான கேள்வி. "திறமை இருந்தால் எல்லாம் கைகூடும்" என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட நமக்கு மனமில்லை.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2019 மே மாதம் 22-ஆம் நாள் பஞ்சாபிலுள்ள லூதியானா நகரில் இந்திய மகளிர் லீக் இறுதியாட்டம் நடந்தது. மதுரையின் சேது எஃப்.சி. அணி, மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என்று வென்று கோப்பையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. சேது அணிக்காக அப்பருவத்தில் ஆடியவர் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன். எதிரணியின் பெருந்தூண் பாலா தேவி; அப்பருவத்தில் அதிகக் கோல் அடித்தவர் அவரே. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும், பாலா தேவி மணிப்பூர் காவல்துறையிலும் பணி செய்தவர்கள். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரிகளுக்குக் காக்கிச் சட்டை எதற்கு?

விடை நாட்காட்டியில் இருக்கிறது. அந்த ஆண்டு லீக் முழுவதும் மே மாதத்தில் மூன்றே வாரங்களுக்குள் முடிந்துவிட்டது. மூன்று வார ஆட்டம் ஓர் ஆண்டுக்கு எப்படி உணவளிக்கும்? ஆகவேதான் காவல்துறை, இரயில்வே போன்ற துறைகள் விளையாட்டு வீரர்க்கு ஒதுக்கும் வேலைகளை நம் பெண்கள் நாடினர். ஆட்டம் பெயரைத் தந்தது. அலுவலகம் சம்பளத்தைத் தந்தது.

தொழில்முறை ஆட்டக்காரர் என்பவர் இவ்வாறல்லர். கழகம் ஒன்றோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, ஆடுவதற்கே ஊதியம் பெறுபவர் அவர். பதினைந்து வயதிலேயே இந்திய அணியில் இடம்பெற்ற பாலா தேவிக்கு அந்த வாய்ப்பு வந்தபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகம் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்து, 2020 சனவரியில் 18 மாத ஒப்பந்தம் செய்தது. அயல்நாட்டுக் கழகத்தோடு இத்தகைய ஒப்பந்தம் செய்த முதல் இந்தியப் பெண் அவரே. பிஷ்ணுபூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சிறுவரோடு பந்தாடி வளர்ந்தவர் அவர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

உள்நாட்டிலும் நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. 2023-24 பருவத்திலிருந்து லீக் ஆட்டங்கள் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலுமாகப் பல மாதங்கள் நீண்டன. லீக் கழகங்கள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளை ஒப்பந்தத்தில் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது ரூ. 3.2 இலட்சம் தரவேண்டுமென அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023-இல் அறிவித்தது. மாதத்திற்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம். பெருஞ்செல்வம் அன்று, எனினும் ஒரு வீட்டில் அடுப்பெரியும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பதினெட்டு வயது நிரம்பாதவர் அயல்நாட்டுக் கழகத்திற்கு மாறுவதை, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா விதிகள் அனுமதிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு மகளை வெளிநாட்டு அணியில் சேர்ப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டு வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

காயத்தைப் பற்றியும் மறைக்க வேண்டியதில்லை. முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார் ஒன்று உண்டு. திடீரென்று திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ அது அறுந்துபோகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதியாக நேர்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப்பின் திடலுக்குத் திரும்ப ஒன்பது மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். பாலா தேவியையும் முழங்கால் காயம் நெடுநாள் வெளியே உட்கார வைத்தது. பின்னர் மீண்டு 2023-இல் இந்திய அணிக்குத் திரும்பினார். ஆட்டத்திற்குமுன் இருபது நிமிடம் ஒற்றைக்காலில் நிற்பதும், முழங்காலை மடக்கி மெல்ல இறங்கப் பழகுவதும் இந்த ஆபத்தைக் குறைக்கும். உடற்பயிற்சி ஆசிரியை இதைச் செய்யச் சொல்லும்போது நாம் முணுமுணுக்கிறோமே! எனவே ஒப்பந்தத்தைப் படிக்கும்போது ஊதியத் தொகைக்கு முன்பாக, காயமுற்றால் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற வரியைத் தேடவேண்டும்.

"சரி, கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால்?" இதுவும் வேலியோரத்துக் கேள்விதான். 2021 முதல் நடைமுறையிலுள்ள ஃபிஃபா விதிப்படி, தாய்மை விடுப்பு குறைந்தது 14 வாரம். அக்காலத்தில் ஊதியத்தில் மூன்றில் இரு பங்காவது தரவேண்டும். ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னார்ஸ்தோத்திர் பிரான்சின் லியோன் கழகத்தில் ஆடிவந்தபோது கருவுற்றார். தமக்குரிய ஊதியம் முழுமையாக வரவில்லையென்று முறையிட்டார். 82,000 யூரோவுக்கு மேல் தருமாறு கழகத்திற்கு ஆணை பிறந்தது. 2021 நவம்பரில் மகனைப் பெற்ற அவர், மறு ஆண்டே திடலுக்குத் திரும்பினார்.