தறியில் பிறந்த சொற்கள்

ஏழாம் வகுப்பு ஏடுகளைத் திருத்தும்போது ஒரு பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. 'டெக்ஸ்ட் புக்' என்பதைப் பலர் 'டெஸ்ட் புக்' என்று எழுதியிருந்தார்கள். ஐந்து முறை எழுதச் சொன்னேன். அடுத்த வாரமும் அதே பிழை.

வெண்ணந்தூர் வட்டாரத்தில் பல வீடுகளில் தறி ஓடுகிறது. அங்கிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது. கரும்பலகையில் ஆங்கிலத்தில் 'டெக்ஸ்டைல்' என்று எழுதி, "இதை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?" என்றேன். "ஜவுளிக்கடை போர்டுல சார்!" என்றார்கள். அதன் கீழே 'டெக்ஸ்ட்' என்று எழுதி, இரண்டிலும் முதல் நான்கு எழுத்துகளை அடிக்கோடிட்டேன்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் 'டெக்ஸெரே' என்றால் நெய்தல். இழையால் நெய்தது டெக்ஸ்டைல். சொல்லால் நெய்தது டெக்ஸ்ட். துணியைத் தொட்டால் தெரியும் இழைத்தன்மை டெக்ஸ்சர். 'கான்' என்னும் முன்னொட்டு 'சேர்த்து' எனப் பொருள்படும். சேர்த்து நெய்தது கான்டெக்ஸ்ட், அதாவது சூழல். உண்மைக் காரணத்தை மறைக்க முன்னால் நெய்து தொங்கவிடும் திரை ப்ரீடெக்ஸ்ட், அதாவது சாக்குப்போக்கு.

"அப்படியானால் நூல் என்றால் என்ன?" என்று கேட்டேன். "பாவுக்குப் போடுறது" என்றாள் ஒரு மாணவி. "திருக்குறள் ஒரு நூல்" என்றான் இன்னொருவன். இருவரும் சொன்னது சரி. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும், புலவரை நூற்பவராகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உவமிக்கிறார். தமிழும் லத்தீனும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்காமலே ஒரே உவமையை எட்டியிருக்கின்றன.

'டெஸ்ட்' இந்தக் குடும்பம் அல்ல. லத்தீனில் 'டெஸ்டும்' என்பது மண்கலம். பொன், வெள்ளியை உருக்கித் தரம் பார்க்கும் கலத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்து, பின்பு எல்லாச் சோதனைக்கும் ஆயிற்று. "டெக்ஸ்ட் தறிச் சொல், டெஸ்ட் சட்டிச் சொல்" என்று மாணவர்களே வைத்துக்கொண்டார்கள்.

ஒலி ஒத்திருந்தால் உறவு என்று நாமும் முடிவு கட்டிவிடக் கூடாது. நம் 'காசு'தான் 'கேஷ்' ஆனது என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தவன் நான். பிறகு அகராதியைப் பார்த்தேன். ரொக்கம் என்னும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காசிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது இன்னொரு கேஷ். அது ஒரு சிறு நாணயம். கம்பெனி காலச் சென்னையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். எழுத்தும் ஒலியும் ஒன்று, வேர் இரண்டு. மறுநாள் வகுப்பில் என் தவற்றைச் சொல்லித் திருத்திக்கொண்டேன்.

அடுத்த தேர்வில் பழைய பிழை முழுவதும் ஒழியவில்லை, இருவர் எழுதியிருந்தார்கள். ஆனால் இப்போது புதிய சொல் வந்தால், "சார், இது எந்த வீட்டுச் சொல்?" என்று கேட்கிறார்கள். அகராதியைப் பார்த்துவிட்டே பதில் சொல்கிறேன்.