குடியும் லைசென்ஸும்

குடித்துவிட்டு மோட்டார் ஓட்டினால் என்ன தண்டனை என்று கணபதியில் யாரைக் கேட்டாலும், "பத்தாயிரம் ரூபாய்" என்று உடனே பதில் வரும். அபராதத் தொகை ஜனங்கள் மனத்தில் இவ்வளவு நன்கு பதிந்திருப்பது பற்றி நமக்குத் திருப்தியே. ஆனால், பணத்தைக் கட்டினால் விஷயம் தீர்ந்தது என்ற அபிப்பிராயமும் கூடவே பரவியிருக்கிறது. அது தவறு.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுச்சத்து இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால், முதல் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை அகப்பட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019-ம் வருஷத் திருத்தத்திற்கு முன் முதல் அபராதம் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டதில்லை. உடந்தையாயிருப்பவருக்கும் அதே தண்டனை என்பது 188-வது பிரிவு. பின் ஸீட்டில் அமர்ந்து செல்லும் சிநேகிதர் இதைக் கவனிப்பாராக.

பலருக்குத் தெரியாதது 20-வது பிரிவேயாகும். குடித்து ஓட்டிய குற்றம் ருசுவானவரைக் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியற்றவராகக் கோர்ட்டார் விதிக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. "விதிக்கலாம்" என்றல்ல, "விதிக்க வேண்டும்" என்றே வாசகம் இருக்கிறது. சட்டத்தில் நமக்கு மிகவும் உவப்பான பகுதி இதுவே. ஏனெனில் அபராதத் தொகை எல்லோருக்கும் ஒன்றாயினும் அதன் பளு ஒன்றல்ல. கணபதிப் பவுண்டரியில் உழைக்கும் தொழிலாளிக்கு அது வீட்டின் பல வாரச் சாப்பாடு. மில் முதலாளிக்கோ ஒரு மாலை விருந்தின் செலவு. லைசென்ஸை இழந்தால் முதலாளி டிரைவர் வைத்துக்கொள்வார், லாரி டிரைவருக்குத்தான் பிழைப்புப் போகும் என்று ஆட்சேபிக்கலாம். வாஸ்தவந்தான். ஆயினும், முதலாளி நிதானமுள்ள ஒருவரிடம் வண்டியை ஒப்புவித்தால் சட்டத்தின் நோக்கம் நிறைவேறியதாயிற்று. லாரி டிரைவரோ, சத்தி ரோட்டில் எதிரே வரும் சைக்கிள்காரனின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்; அவரிடம் தாட்சண்யம் காட்டுவது சைக்கிள்காரனுக்குச் செய்யும் துரோகம்.

உயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டால் வழக்கே வேறு. 2006-ம் வருஷம் நவம்பரில் பம்பாய் கார்ட்டர் ரோடு நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர் மீது ஒரு கார் ஏறி, ஏழு பேர் மாண்டனர். அது வெறும் அஜாக்கிரதையன்று, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமே என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு ஊர்ஜிதம் செய்து, மூன்று வருஷச் சிறைத் தண்டனையை நிலைநிறுத்தியது. இன்று அமலிலுள்ள பாரதீய நியாய சம்ஹிதையின் 105-வது பிரிவில் இவ்வகைக் குற்றத்திற்குப் பத்து வருஷம் வரை சிறை உண்டு. நொறுங்கிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் பணம் வருமென்று நம்புவோருக்கும் ஒரு வார்த்தை: மூச்சுச் சோதனை நடவாதபோதிலும், போதையில் ஓட்டியதை வேறு சாட்சியத்தால் நிரூபித்து இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டை மறுக்கலாமென 2021-ல் அதே கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

நிற்க, மதுவை விற்பதும் சர்க்கார், குடித்தவனைப் பிடிப்பதும் சர்க்கார் என்ற விபரீதத்தை நாம் மறக்கவில்லை. பெருஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்ற 2016-ம் வருஷத் தீர்ப்பு, நமது மாகாணத்திலிருந்து சென்ற வழக்கிலேயே பிறந்தது. அடுத்த வருஷமே நகர எல்லைக்குள் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. கடையைப் பற்றிய விவாதம் நீளட்டும். மாஜிஸ்டிரேட்டுகள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அபராத உத்தரவு எழுதும் அதே காகிதத்தில் லைசென்ஸ் உத்தரவையும் எழுதி, அன்றே வட்டாரப் போக்குவரத்து ஆபீஸுக்கு நகல் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.