கேட்டுக் கேட்டுச் செய்யும் வேலை

மென்பொருள் நிறுவனமொன்றில் நான் வணிகப் பகுப்பாய்வாளர். கணினியில் நிரல் எழுதுவது என் வேலையல்ல. அதைப் பாவிக்கப்போகிறவர்களிடம் தேவைகளைக் கேட்டறிந்து, நிரல் எழுதுவோருக்கு விளங்கச் சொல்வதே என் வேலை.

முன்பு எல்லாத் தேவைகளையும் ஆரம்பத்திலேயே தடித்த அறிக்கையாக எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுவோம். மாதக்கணக்கின் பின்பே மென்பொருள் வரும். அதன்பின் மாற்றம் கேட்டால், "கையொப்பம் வைத்துவிட்டீர்களே" என்பதுதான் பதில்.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர்கள் கூடி இதற்கு மாற்றாக ஒரு பிரகடனம் எழுதினர். (17 பேரில் ஒரு பெண்ணும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) ‘அஜைல்’ எனப்படும் இந்த வழியில் வேலை சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். நாங்கள் இரண்டு வாரத்துக்கொருமுறை செய்ததைக் காட்டி, கருத்துக் கேட்டபின்பே அடுத்த துண்டைத் தொடங்குகிறோம்.

நிறுவனம் இதற்கு மாறியபோது எனக்குப் பயமாக இருந்தது. நாங்கள் எடுத்துக்கொண்ட ‘ஸ்க்ரம்’ முறையில் மூன்று பொறுப்புகளே உண்டு. அவற்றில் என் பதவியின் பெயர் இல்லை. எங்கள் வீட்டில் உழைப்பவள் நான் ஒருத்திதான். ஆனால் கேட்டறியும் வேலை குறையவில்லை, கூடியது.

படுவான்கரையில் ஒரு பெண்கள் சேமிப்புச் சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள் செய்தோம். முதல் துண்டாக உறுப்பினர் படிவத்தை மண்முனைப் பாலம் கடந்து கொண்டுபோய்க் காட்டினேன். (2014 இல் பாலம் திறக்குமுன் அவ்விடத்தில் பாதையில்தான் வாவியைக் கடப்போம்.) வழக்கமான படிவம்தான்: மணமாகாதவர், மணமானவர், விதவை, விவாகரத்தானவர் என நான்கு கட்டங்கள். ஒரு அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதில நான் எதுக்குள்ள வாறன் மகள்?" என்றார். 1990 இல் கொண்டுபோகப்பட்ட கணவர் திரும்பவில்லை. விதவை என்று பதிய அவருக்குச் சம்மதமில்லை. காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்காமல், அவர் இல்லாமையைக் காட்டும் சான்றிதழ் பெற 2016 இலேயே சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.

அங்கேயே ஒரு அட்டையில் எழுதினேன்: ‘கணவர் காணாமற்போன உறுப்பினராகிய நான், என் நிலையை உள்ளபடி பதிய வேண்டும், விதவை என்று எழுதாமல் கடன் கேட்பதற்காக.’ யார், எது, எதற்கு என்று சொல்லும் இவ்வசனத்தைப் ‘பாவனையாளர் கதை’ என்பார்கள். இரண்டு வாரத்தில் ஐந்தாவது கட்டம் வந்தது.

இம்முறையில் சுமையும் உண்டு. தினமும் 15 நிமிடக் கூட்டம். அதை மாலையில் வைத்தால் பிள்ளைகளின் படிப்பைப் பார்க்க முடியாது. காலைக்கு மாற்றுவித்தோம்.

உங்கள் சங்கத்துக்கும் யாராவது மென்பொருள் செய்ய வந்தால், முடிந்த பிறகல்ல, இடையிடையே காட்டும்படி கேளுங்கள்.

படுவான்கரைப் பெண்கள் இப்போது கேட்பது, கடன் மீதியைக் கைத்தொலைபேசியில் தமிழில் பார்க்கும் வசதி. அட்டை எழுதியாயிற்று.