சட்டை சிக்கிய பாம்பு

வளர்ப்புப் பாம்பின் மேல் பழைய தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்றுதான் தோன்றும். இழுக்கவே கூடாது. அடியில் இருக்கும் புதுச் செதில் இன்னும் முற்றியிருக்காது. இழுக்கிற வேகத்தில் அதுவும் சேர்ந்து கிழிந்து, அந்தப் புண் வழியாகக் கிருமி ஏறும். சட்டை சிக்கிக்கொள்வது பெரும்பாலும் தோலில் வந்த கோளாறு அல்ல, பாம்பு வாழும் பெட்டியில் ஏதோ சரியில்லை என்பதன் அறிகுறி. பெங்களூரில், அதிலும் ஈஜிபுரா மாதிரியான நெருக்கமான குடியிருப்பில், முதலில் சந்தேகப்பட வேண்டியது வறண்ட காற்றை.

கோரமங்களாவை ஒட்டிய இந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சுவரோடு சுவர் முட்டும் மாடி வீடுகள், அவற்றில் அடுக்கடுக்காக வாடகை அறைகள், தெருவெங்கும் தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு, 2017-இல் தொடங்கி ஆண்டுக்கணக்காக இழுத்த மேம்பால வேலையின் தூசி. மழைக்காலத்தில் குளுகுளுவென்று இருக்கும் இதே ஊரில், பிப்ரவரி, மார்ச் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். நமக்கு உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும். ஃபேன் ஓடும் அறையில், வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டிக்குள் கிடக்கும் பாம்புக்கோ உரிய வேண்டிய சட்டை உடலோடு ஒட்டிக் காய்ந்துவிடும்.

எந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல பாம்பு, சாரை, நம்மூர் மலைப்பாம்பு, மண்ணுளி எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நகரங்களில் வளர்ப்புப் பிராணியாகப் பரவியிருப்பது பால் பைத்தான் (ball python). கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த சிறு மலைப்பாம்பு இது. நஞ்சு கிடையாது. பயந்தால் தலையை உள்ளே இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

அதன் சொந்த ஊரும் ஈரம் சொட்டும் காடல்ல, புல்வெளிதான். வெயிலும் வறட்சியும் அங்கேயும் உண்டு. ஆனால் பகல் முழுக்க அது எலி வளையிலோ, கைவிடப்பட்ட கரையான் புற்றிலோ படுத்துக் கிடக்கும். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும் என்று நம் ஊரில் சொல்வது அந்தப் பாம்புக்கும் பொருந்துகிறது. வெளியே மண் பிளந்து கிடந்தாலும் புற்றுக்குள் குளிர்ச்சியும் ஈரமும் நிற்கும். ஆகவே தொட்டியையே சேறாக்க வேண்டியதில்லை, அதற்குள் ஒரு புற்று இருந்தால் போதும். வளர்ப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஈரம் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் தொட்டி முழுவதையும் நனைத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் வயிற்றுச் செதிலில் கொப்புளமும் அழுகலும் வந்துவிடுகின்றன, நுரையீரலிலும் தொற்று சேர்கிறது.

சாதாரண நாளில் 55 முதல் 65 சதவீத ஈரப்பதம் இருந்தால் பால் பைத்தானுக்குச் சரி. சட்டை உரிக்கும் நேரத்தில் 70 வரை ஏற்றலாம். இதைக் கண்ணால் அளக்க முடியாது. டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கித் தொட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும், அறைச் சுவரில் மாட்டுவதில் பயனில்லை. வெப்பம் ஒரு மூலையில் 31, 32 டிகிரி, மறு மூலையில் 26 என்று இருக்கட்டும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் பாம்பைச் சுட்டுவிடும், பெட்டியில் இருக்கும் ஈரத்தையும் குடித்துவிடும். வலை மூடியின் முக்கால் பாகத்தை மறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

புற்றுக்கு மண்பானையைவிட நல்ல பொருள் இல்லை என்பது என் கருத்து. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நஞ்சு எடுக்கப் பிடித்து வரும் பாம்புகளைத் துணியால் வாய் கட்டிய மண்பானைகளில்தான் வைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு பழகிய மக்கள் அவர்கள். பெங்களூர் பாட்டரி டவுனிலோ தெருவோரக் கடையிலோ மெருகு பூசாத சிறு பானை ஒன்றை வாங்கி, பக்கத்தில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள். உள்ளே ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள். கையில் பிடித்து அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பானையைக் கவிழ்த்து வைத்தால் வேண்டும்போது பாம்பே போய்ப் படுத்துக்கொள்ளும். நார்த்தூளைப் பூஞ்சை பிடிக்கும் முன் மாற்ற வேண்டும்.

சட்டை உரியப்போவது முன்கூட்டியே தெரியும். வயிறு இளஞ்சிவப்பாகும், நிறம் மங்கும், கண்ணில் நீலம் கலந்த வெண்மை படரும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் ஊறுவதால் வரும் மாற்றம் இது. சில நாளில் கண் தெளிந்துவிடும், உரிப்பு நின்றுபோனதோ என்று சந்தேகம் வரும். நிற்கவில்லை. அதற்குப் பின் ஒரு வாரத்துக்குள் மூக்கைக் கரடான எதிலாவது உரசித் தோலைத் திறந்து, தலையிலிருந்து வால்வரை ஒரே உருப்படியாக, உட்புறம் வெளியே திரும்பக் கழற்றிவிடும். இந்த நாட்களில் பாம்புக்குப் பார்வை மங்கல், மிரட்சி அதிகம், இரையும் எடுக்காது. கையில் எடுக்காதீர்கள், எலி கொடுக்காதீர்கள். தொட்டியில் ஒரு கரட்டுக் கல்லோ மரக்கட்டையோ இருந்தால் போதும்.

உரித்த சட்டையைத் தூக்கிப் போடும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தலைப் பகுதியில் இரண்டு கண்களுக்கும் மேல் வட்டமான, தெளிந்த சிறு மூடிகள் இருக்கும். பாம்புக்கு இமை கிடையாது. இந்த மூடிதான் கண்ணைக் காக்கிறது, ஒவ்வொரு முறையும் சட்டையோடு கழன்று வருகிறது. மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தால், அது இன்னும் பாம்பின் கண்மேலேயே இருக்கிறது என்று பொருள். அடுத்து வால் முனை. அது கூராக முடியாமல் அறுந்திருந்தால் வாலில் ஒரு வளையம் மிஞ்சியிருக்கும். அடுத்தடுத்த உரிப்புகளில் வளையம் மேல் வளையமாக இறுகி, ரத்த ஓட்டம் நின்று, வால் நுனி கறுத்து உதிர்ந்துவிடும்.

உடலின் மேல் தோல் துண்டுகள் ஒட்டியிருந்தால், மூடியில் காற்றோட்டத் துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள். 28, 30 டிகிரி போதும், பாம்பின் முதுகு மூழ்கக் கூடாது. இருபது நிமிடம், கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஈரத் துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து, பாம்பைத் தானாக அதனுள் ஊர்ந்து போக விடுங்கள். உரசலில் வருவது வரட்டும். வராததை விட்டுவிட்டு, பானையின் ஈரத்தைச் சரிபார்த்து, மறுநாள் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். கண்மூடியை இடுக்கியால் எடுக்கப் பார்ப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது, பார்வையே போய்விடும். பல சமயம் அடுத்த உரிப்பில் அதுவே கழன்றுவிடும். இரண்டாவது முறையும் நின்றால் மருத்துவர்தான்.

ஈரப்பதம் சரியாக இருந்தும் சட்டை சிக்கினால் வேறு காரணம் தேட வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்திலேயே பாம்பு மணிக்கணக்கில் கிடக்கிறதா? கண்ணோரத்திலும் தாடைக்குக் கீழும் கறுப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா? அது சிற்றுண்ணி. பழைய தழும்பு, உடல் மெலிவு, உள்தொற்று ஆகியவையும் உரிப்பைக் கெடுக்கும்.

ஆனால் மருத்துவரிடம் போகத்தான் பலர் அஞ்சுகிறார்கள், பாம்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுமே என்று. 2023 செப்டம்பர் 6 இரவு பாங்காக்கிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் 78 விலங்குகளைச் சுங்கத்துறை கண்டெடுத்தது. 55 பால் பைத்தான்கள், 17 ராஜநாகங்கள், செத்துக் கிடந்த 6 கப்புச்சின் குரங்குகள். இப்படித் துணிமூட்டைக்கு நடுவே நீரின்றி வரும் பாம்பு, பிடிபடாமல் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் சட்டையிலேயே திணறும். கடத்தல் சரக்கு என்று தெரிந்தும் வாங்குகிறவர் அந்தத் துன்பத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். முறையாக வைத்திருப்பவர் ஒளிய வேண்டியதில்லை. 2022-இல் திருத்திய அதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2024 பிப்ரவரியில் வந்த விதிகள்படி, அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பால் பைத்தானைப் பதிவு செய்ய வேண்டும். கையில் பதிவு இருந்தால் பாம்பைத் துணிப்பையில் வைத்து மருத்துவமனை வாசலில் தயங்காமல் நிற்கலாம். போகும் முன் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள், நாய், பூனையோடு நிறுத்திக்கொள்ளும் மருத்துவமனைகளே அதிகம்.

வளர்ப்பவர்கள் அல்லாதவர்களுக்கும் ஒன்று. ஈஜிபுராவில் காலி மனைப் புதரிலோ மழைநீர்க் கால்வாய் ஓரத்திலோ கண் மங்கிய சாரையோ நல்ல பாம்போ அசையாமல் கிடந்தால், அதற்கு உங்கள் குளியலும் வேண்டாம், அடியும் வேண்டாம். பார்வை தெரியாத நேரத்தில் அது சட்டென்று சீறும், கொத்தவும் செய்யும். பத்தடி தள்ளி நின்று, குழந்தைகளையும் நாயையும் விலக்கிவிட்டு, கர்நாடக வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஆள் வருவதற்குள் அது நகர்ந்து புதருக்குள் போய்விட்டால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.