அசலும் பிரதியும்: கருமருந்துச் சுழல்துப்பாக்கியை மதிப்பிடும் முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு பழைய வீட்டை ஒழிக்கும்பொழுது, மேசை லாச்சியின் அடியிலிருந்து றிவோல்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியொன்று வெளிவருவது புதுமையன்று. 'உள்நாட்டுப் போரிலே பூட்டனார் ஏந்திய ஆயுதம் இது' என வீட்டார் பெருமையுடன் கூறுவர். அக்கூற்று உண்மையாயின் அப்பொருளுக்குப் பெருவிலை உண்டு. ஆனால் அது 1970ஆம் ஆண்டளவில் இத்தாலியிலே செய்யப்பட்ட பிரதியாகவும் இருக்கலாம். இரண்டும் மேலோட்டமாக நோக்குவோர்க்கு ஒன்றுபோலவே தோன்றும். பிரதியை அசலின் விலைக்கு வாங்கி ஏமாறுவோரும் உளர். அசலைப் பிரதியென எண்ணிச் சொற்ப விலைக்குக் கொடுத்து இழப்போரும் உளர். ஆகவே, இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் வகை யாதென்பது ஆராயத்தக்கது.

சுழல்துப்பாக்கியைப் பெருவழக்கிற்குக் கொண்டுவந்தவர் சாமுவேல் கோல்ற் என்னும் அமெரிக்கர். அவர் 1836ஆம் ஆண்டில் தம் நாட்டிலே அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அக்காலத் துப்பாக்கிக்கு இன்றுள்ளது போன்ற தோட்டா இல்லை. உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கருமருந்தை இட்டு, அதன்மேல் ஈயக்குண்டைத் திணிகோலால் அழுத்துவர். அறையின் பின்னுள்ள சிறு குழாயில் கேப்பு எனப்படும் செப்பு மூடியைப் பொருத்துவர். குதிரை அந்த மூடியில் அடித்ததும் எழும் தீப்பொறி மருந்தைப் பற்றும். கோல்ற் கம்பனியின் 1851ஆம் ஆண்டு 'நேவி', 1860ஆம் ஆண்டு 'ஆர்மி' என்பனவும், றெமிங்ரன் கம்பனியின் துப்பாக்கியும் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலே பெரிதும் வழங்கின.

அப்போரின் நூற்றாண்டு நிறைவு நெருங்கியபோது பழைய ஆயுதங்கள்மீது மக்களுக்கு ஆர்வம் பெருகிற்று. வால் ஃபோர்கெற் என்னும் அமெரிக்க வணிகர், 1950களின் பிற்பகுதியில் இத்தாலி சென்று கோல்ற் நேவியின் பிரதியைச் செய்விக்க முயன்றார். பிறேசியா மாகாணத்துக் கார்டோனே என்னும் ஊர், பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போனது. 1959இல் தொடங்கிய ஊபெர்ற்றி, 1960இல் தொடங்கிய பியற்றா ஆகிய தொழிலகங்களின் பிரதிகள் அம்மாகாணத்திலிருந்து உலகெங்கும் பரவின.

இத்தகைய பொருளொன்று கைக்கு வந்ததும், அது எத்துணைப் பழையதாயினும், மருந்து இட்டதாகவே கருதுதல் வேண்டும். ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கழிந்தும் வெடிக்கவல்லது. குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, கேப்புகள் உளவோ என முதலிற் பார்த்தல் வேண்டும். அறைகளில் மருந்து இருப்பதாக ஐயம் தோன்றின், அதனைத் தாமே அகற்ற முயலாது தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளரிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை.

அடுத்து, அடையாளங்களைத் தேடவேண்டும். இத்தாலியச் சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கியும் அரச சோதனைச்சாலையிலே வெடித்துச் சோதிக்கப்பட்டு முத்திரை பெறும். கருமருந்துக்குச் சோதிக்கப்பட்டதை உணர்த்தும் 'பீ', 'என்' என்னும் ஆங்கில எழுத்துக்கள் நட்சத்திரக் குறியோடு பொறிக்கப்படும். அருகே ஆண்டுக்குறி காணப்படும். 1954ஆம் ஆண்டிற்கு உரோம எண் பத்து. 1964ஆம் ஆண்டிற்கு உரோம எண் இருபது. 1975 முதல் இரண்டு எழுத்துக்கள் வழங்கின: 1975க்கு 'ஏ ஏ', 1976க்கு 'ஏ பீ', 1991க்கு 'பீ ஏ' என அமையும். செய்தவர் பெயரோ குறியோ திணிகோலின் கீழே மறைந்திருத்தலும் உண்டு.

முத்திரையைப் போலிகள் அராவி அழித்துவிடக்கூடும். அமிலத்தால் உலோகத்தைக் கறுக்கச் செய்து பழமைத் தோற்றமும் தருவர். அப்பொழுதும் அமைப்புக் காட்டிக்கொடுக்கும். கோல்ற் கம்பனி 1851 நேவியை அங்குலத்தின் நூற்றில் 36 பங்கு விட்டமுடையதாகவே செய்தது. 44 பங்கு விட்டமுள்ள 'நேவி' எதிர்ப்படின் அது பிரதியே. அசல் நேவியின் உடற்சட்டம் இரும்பாலானது. விசைக் காப்பும் பிடிப்பட்டையுமே பெரும்பாலும் பித்தளை. உடற்சட்டமும் பித்தளையாயின் அது கோல்ற் செய்ததன்று. போர்க்காலத்தில் தென்னாட்டாருக்கு உருக்குக் கிடைத்தல் அரிதாகவே, யோர்ஜியாவிலே கிறிஸ்வோல்ட் தொழிற்சாலை பித்தளைச் சட்டத்துடன் சில ஆயிரம் செய்தது உண்மை. ஆனால் அவை மிக அரியன. திருகாணிகளின் புரி மீற்றர் அளவில் அமைந்திருப்பதும் பிரதிக்குச் சான்றாகும்.

பிரதியென்று தெளிந்தபின் அதன் நிலையை ஆராய்தல் வேண்டும். கருமருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பது. சுட்டபின் நீரால் கழுவி எண்ணெய் பூசாதவிடத்துக் குழலின் உள்வரிகளைத் துரு அரிக்கும். குதிரையை மெல்லப் பின்னிழுத்தால், உருளை சுழன்று குழலுக்கு நேராக உறுதியுடன் நிற்கவேண்டும். அங்குமிங்கும் ஆடின், உட்பாகங்கள் தேய்ந்துவிட்டன என்க. கோல்ற் வகையில் குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆப்புத் தளர்ந்திருத்தல் ஆகாது. பித்தளைச் சட்டம் மென்மையானது. மிகுதியான மருந்தால் நாளடைவில் அது நெகிழும். உருளையின் பின்புறம் சட்டத்தில் வடுப் பதித்திருப்பின், அது பெரிதும் உழைத்த துப்பாக்கி. புகையற்ற நவீன மருந்தை இட்டால் எவ்வகைப் பிரதியும் சிதறிக் கையைப் பறிக்கக்கூடும்.

விலை கணிக்குமிடத்து, அதே செய்நரின் அதே வகை புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கின்றது என்பதே முதற் கேள்வி. பழையதன் விலை பெரும்பாலும் அதனைத் தாண்டாது. விற்பவர் கேட்கும் விலையன்றி, ஏலங்களில் உண்மையாகக் கொடுக்கப்பட்ட விலையே அளவுகோலாகும். உருக்குச் சட்டம் பித்தளையிலும் மதிப்பு மிக்கது. சுடாதது, பெட்டியும் தாள்களும் கூடியது ஆகியன மேலும் பெறும். கோல்ற் கம்பனியே 1971 முதல் மீண்டும் வெளியிட்டவை விதிவிலக்கு. அவற்றைச் சேகரிப்போர் தனியே நாடுவர். பழமையைத் துடைத்து மெருகிடுதல் கூடாது. ஐயத்திற்குரிய துப்பாக்கி அசலாய் இருந்துவிடின், ஒருநாள் மெருகு நூறாண்டின் மதிப்பை அழித்துவிடும். இவற்றை வைத்திருப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுமாதலின், அதனையும் முன்னரே அறிதல் கடன்.

பிரதி என்பது இழிந்த பொருளன்று. தன்னைப் பிரதியென்று வெளிப்படக் கூறுமிடத்து, அது முன்னோரின் தொழில்நுட்பத்தைக் கையாற் பழகி அறிதற்கு உதவுவது. அசல் என்ற பெயரில் விற்கப்படும்பொழுதே அது வஞ்சனையாகின்றது. குடும்பக் கதையைக் கேட்டு விலை பேசுவதினும், திணிகோலைத் தாழ்த்தி அதன்கீழுள்ள எழுத்தைப் படித்தபின் விலை பேசுவதே வாங்குவார்க்கும் விற்பார்க்கும் நன்று.