கைப்பையில் துப்பாக்கி... கையில் பயிற்சி இருக்கிறதா?

டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு, பெண்களின் தற்காப்புக்காக 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை அறிமுகப்படுத்திய ரிவால்வர் 'நிர்பீக்'. எடை சுமார் 500 கிராம். அப்போதைய விலை ஒரு லட்சத்துக்கும் மேல்!

காசிருந்தால் மட்டும் போதாது. ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் வேண்டும்.

ரிவால்வரின் பலமே எளிமைதான். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும். ஆனால், பதற்றத்தில் கை நடுங்கும். பழகாத கைக்குக் குறி தப்பும்.

பயிற்சியில் முதல் பாடம் சுடுவது அல்ல. எப்போதும் குண்டு இருப்பதாகவே நினையுங்கள். முனையை யார் பக்கமும் திருப்பாதீர்கள். சுடும் நொடிவரை விரல் விசையைத் தொடக் கூடாது.

பூட்டி வைத்தால் அவசரத்துக்கு உதவாது. பூட்டாவிட்டால் குழந்தை கையில் சிக்கும். வாங்குமுன் இதற்கு விடை தேடுங்கள்.